ஸ்டேபிள் என்று எழுதிய சான்றிதழ்

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இதில் வரும் பெரியவரின் பெயர், அவர் இருந்த சிறை, போன மருத்துவமனை, கடைசியில் தங்கிய ஹாஸ்பிஸ் (குணமாகாத நோயாளிகளைக் கடைசிக் காலத்தில் பார்த்துக்கொள்ளும் இல்லம்) எதையும் எழுதப்போவதில்லை. கர்நாடகத்தில் மத்திய சிறைகள் பல உண்டு, அதில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆள் அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியும் இருக்கிறேன். எழுதுவதற்கு அவரே சம்மதம் கொடுத்தார். "எழுதிக்கோங்க, பேரு வேணாம்" என்று நோட்டில் எழுதிக் காட்டினார். அவர் மகளும் இதைப் படித்துவிட்டார். நான் பெங்களூரில் ஒரு வலி தணிப்புக் குழுவில் சமூகப் பணியாளன். ஊசி போடத் தெரியாது, மனு எழுதத் தெரியும்.

நோயாளி

61 வயது. தாத்தா காலத்தில் திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்த குடும்பம். பெங்களூர் அல்சூர்ப் பக்கம் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஏழாவது வரை படித்தவர். தொழில் பெயின்டிங். முதலில் பீடி, அப்புறம் குட்கா. வீட்டுப் பங்கு விஷயமாகத் தம்பியோடு பல வருடத் தகராறு. ஒருநாள் இரவு இருவரும் குடித்திருந்தபோது கையில் கிடைத்த கம்பியால் அடித்துவிட்டார். தம்பி இறந்துபோனார். இவருக்கு ஆயுள் தண்டனை, மேல்முறையீடும் தள்ளுபடி. இதை மறைத்துவிட்டு மீதியைச் சொன்னால் வாசிப்பவரை ஏமாற்றியதாகும்.

சிறைக்கு வந்து எட்டாம் வருடம் இடது கன்னத்தின் உட்பக்கம் ஒரு புண். நாலு மாதம் பி காம்ப்ளெக்ஸ் மாத்திரையும் வாய்ப்புண் களிம்பும் ஓடின. சிறை மருத்துவர் சந்தேகப்பட்டு வெளியே எழுதிக் கொடுத்த பிறகு இன்னும் ஏழு வாரம் போனது, காவலுக்குப் போலீஸ் கிடைக்காததால். வெளியில் இருப்பவர்களுக்கு இது தெரியாது. கைதியை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போவது சிறை ஊழியர்கள் இல்லை, ஆயுதப்படைப் போலீசார். ஊரில் ஒரு ஊர்வலம், ஒரு கிரிக்கெட் மேட்ச், ஒரு மந்திரி வருகை இருந்தால் அன்றைக்கு அவர்கள் வரமாட்டார்கள். அப்பாயின்ட்மென்ட் போனால் போனதுதான், அடுத்த தேதி மூன்று வாரம் தள்ளி.

சதைப் பரிசோதனை முடிவு வந்தபோது கட்டி தாடையெலும்பைத் தாண்டியிருந்தது. அறுவை சிகிச்சைக்கு வாய்ப்பில்லை. வலி குறையட்டும் என்று ஐந்து நாள் கதிர்வீச்சு எழுதினார்கள். மூன்று நாள் நடந்தது. மற்ற இரண்டு நாளும் காவலுக்கு ஆள் வரவில்லை.

நாங்கள் பார்த்தபோது

அரசு மருத்துவமனை வார்டில் கடைசிக் கட்டில். வாய் ஒரு விரல் அளவுக்குத்தான் திறந்தது. மூக்கு வழியாக உணவுக்குழாய். கன்னத்தில் புண் வெளியே உடைத்து, துணியால் மூடியிருந்தது. கைவிலங்கின் ஒரு வளையம் வலது மணிக்கட்டில், இன்னொன்று கட்டில் கம்பியில். இடது பக்கம் புண் இருப்பதால் வலது பக்கம்தான் திரும்பிப் படுக்க முடியும். விலங்கும் வலது கையில்தான். திரும்பினால் கை உடம்புக்குக் கீழே மாட்டிக்கொள்ளும். யாரோ ஒரு நர்ஸ் வளையத்துக்கு உள்ளே காஸ் துணி சுற்றி வைத்திருந்தார். துணி அழுக்காகியிருந்ததைப் பார்த்தால் அவர் சுற்றிப் பல நாள் ஆகியிருக்க வேண்டும்.

மருத்துவமனைக் கட்டிலில் கைதியை விலங்கிட்டுக் கட்டிவைப்பது தவறு என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லிவிட்டது. குவாஹாட்டி மருத்துவமனையில் கட்டிலோடு கட்டிப் போட்டிருந்தவர்களைப் பற்றிய வழக்கு அது. மாஜிஸ்திரேட் அனுமதியில்லாமல் விலங்கு கூடாது என்பது தீர்ப்பு. நான் இதைக் காவலுக்கு இருந்த கான்ஸ்டபிளிடம் சொன்னேன். கோலார் தங்கவயல்காரர், தமிழ் நன்றாகவே பேசினார். "சார், தீர்ப்பு ஓடிப்போகாது. இந்தத் தாத்தா ஓடிட்டா என் யூனிஃபார்ம் போயிடும். ரெண்டு பொண்ணு இருக்கு எனக்கு."

அந்தப் பயம் பொய்யில்லை. கைதி தப்பினால் முதலில் சஸ்பெண்ட் ஆவது அவர்தான். ஆகவே அவரோடு வாதாடுவதை விட்டுவிட்டு வார்டு மருத்துவரிடம் போனோம். கேஸ் ஷீட்டில் ஒரு வரி எழுதச் சொன்னோம்: துணையில்லாமல் எழுந்து நிற்க முடியாத நோயாளி, கை கட்டியிருப்பதால் புண்ணுக்குக் கட்டுப் போட முடியவில்லை. அந்த ஒரு வரியைக் கான்ஸ்டபிள் செல்போனில் படம் எடுத்துத் தன் இன்ஸ்பெக்டருக்கு அனுப்பினார். பகலில் விலங்கு கழன்றது, இரவில் மறுபடி மாட்டினார்கள். பாதி வெற்றி என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

வலி எவ்வளவு என்று பத்துக்கு மார்க் கேட்பது எங்கள் வழக்கம். அவருடைய காகிதங்களில் கன்னடத்தில் எல்லா நாளும் ஒரே சொல்தான் இருந்தது: நோவு. நான் ஒரு நாற்பது பக்க நோட்டும் பென்சிலும் கொடுத்து, தமிழிலேயே எழுதச் சொன்னேன். கொஞ்ச நேரம் பென்சிலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு எழுதினார்: "கன்னம் விண்ணு விண்ணுனு தெறிக்குது. அது பரவால்ல. காந்துது. நடுநடுவே சுள்ளுனு காதுக்குள்ள போவுது."

மூன்று வெவ்வேறு வலி. தெறிக்கிற வலிக்கு மார்ஃபின் கேட்கும். காந்தலும் சுள்ளென்று காதுக்குப் போவதும் நரம்பு வலி, அதற்கு மார்ஃபின் மட்டும் போதாது. எங்கள் டாக்டர் இரவில் ஒரு அமிட்ரிப்டிலின் சேர்த்தார். நாலாம் நாள் நோட்டில் "காந்தல் கொறஞ்சிருக்கு" என்று இருந்தது. "நோவு" என்று மட்டும் எழுதிக்கொண்டிருந்த மாதங்களில் இந்த மாத்திரை யாருக்கும் தோன்றவில்லை. இதில் யாரையும் குறை சொல்லத் தோன்றவில்லை, அவரிடம் அவருடைய மொழியில் யாரும் கேட்கவில்லை என்பதைத் தவிர.

சிறைக்குள் மார்ஃபின்

பத்து நாளில் டிஸ்சார்ஜ். சிக்கல் அங்கிருந்துதான் தொடங்கியது.

சாதாரண மார்ஃபின் மாத்திரை நாலு மணி நேரம் வேலை செய்யும். காலை 6, 10, மதியம் 2, மாலை 6, இரவு 10. கடைசி வேளை இரட்டை அளவு, நடுராத்திரி எழுந்திருக்காமல் தூங்கட்டும் என்பதற்காக. இந்தியா முழுவதும் வலி தணிப்புக்காரர்கள் இப்படித்தான் கொடுக்கிறோம். அந்தச் சிறையில் மாலை ஆறு மணிக்கு லாக்கப். அதற்கப்புறம் காலை ஆறு வரை கதவு திறக்காது. இரவு பத்து மணி மாத்திரையை யார் கொடுப்பது?

கைதி கையில் கொடுத்து வைக்க முடியாது என்றார்கள். சரிதான், மார்ஃபின் அங்கே காசாகிவிடும், அதற்காக யாராவது அவரை அடிக்கவும் கூடும். 12 மணி நேரம் மெல்லக் கரையும் மாத்திரை இருக்கிறது, ஆனால் அதைப் பொடிக்கக் கூடாது. இவருக்கு எல்லாமே மூக்குக்குழாய் வழியாகத்தான், பொடித்துக் கரைத்துத்தான் விட வேண்டும். பொடித்தால் 12 மணி நேரத்து மருந்தும் ஒரே நேரத்தில் உள்ளே போய்விடும். அதனால் அதுவும் இல்லை.

மீதி இருந்தது ஃபென்டனில் என்ற வலி மருந்துப் பேட்ச். தோலில் ஒட்டினால் மூன்று நாள். விலை அதிகம். இளைத்துப்போன உடம்பில் சரியாக உறிஞ்சாது என்ற தயக்கமும் டாக்டருக்கு இருந்தது. பயன்படுத்திய பேட்சிலும் மருந்து மிஞ்சியிருக்கும், எனவே பழையதை மடித்துத் திருப்பிக் கொடுத்தால்தான் புதியது என்று ஒரு ரிஜிஸ்டர் போட்டோம். அந்தச் சிறை ஆஸ்பத்திரிக்கு மார்ஃபின் வைத்துக்கொள்ளும் அங்கீகாரம் இல்லை. 1985-ல் வந்த போதைப்பொருள் சட்டம் மார்ஃபினை ஏறக்குறைய பூட்டியே வைத்துவிட்டது. 2014-ல் திருத்தம் செய்து, அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனம் எளிதாக வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். சட்டம் திறந்துவிட்டது, ஆனால் விண்ணப்பிக்க ஒருவர் வேண்டுமே.

புண்ணின் வாடை இன்னொரு பிரச்சினை. பேரக்கில் அவரைக் கக்கூஸ் பக்கம் தள்ளிவிட்டிருந்தார்கள். நான் அவர்களைத் திட்டமாட்டேன், நாற்பது பேர் படுக்கிற அறை அது. மெட்ரோனிடசோல் மாத்திரையைத் தூளாக்கிப் புண்ணில் தூவினால் வாடை போகும். மிக மலிவான மாத்திரை. எங்கள் நர்ஸ் சொல்லிக்கொடுக்கப் போனபோது தூவக் கற்றுக்கொண்டது சிறை ஊழியர் யாருமில்லை, இன்னொரு ஆயுள் கைதி. நாற்பது வயதிருக்கும், கிருஷ்ணகிரிக்காரர். பெரியவரை "அண்ணே" என்பார். குழாயில் ராகிக் கஞ்சியை வடிகட்டி ஊற்றுவது, ஊற்றிய பிறகு தண்ணீர் விட்டுக் குழாயைக் கழுவுவது, தலையை உயர்த்தி வைப்பது எல்லாம் அவர்தான். தண்ணீர் விட மறந்தால் கஞ்சி காய்ந்து குழாய் அடைத்துக்கொள்ளும், புதுக்குழாய் போட மறுபடி போலீஸ் காவல், மறுபடி வேன். அது அவருக்கு நன்றாகப் புரிந்திருந்தது. அமெரிக்காவில் லூசியானாவின் அங்கோலா சிறையில் 1990-களின் கடைசியிலிருந்து ஆயுள் கைதிகளுக்கே பயிற்சி கொடுத்து, சாகும் சக கைதிகளைப் பார்த்துக்கொள்ள வைக்கிறார்கள். இங்கே பயிற்சி, பெயர், பேட்ஜ் எதுவும் இல்லாமல் அது நடந்துகொண்டிருந்தது.

மகள் மாதம் இருமுறை பார்க்க வருவார். அங்கே கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒரு ரிசீவர், அந்தப் பக்கம் ஒரு ரிசீவர். பெரியவரால் பேச முடியாது. மகள் பேசுவார், அவர் கேட்டுக்கொண்டு கண்ணாடியைத் தட்டுவார். ஒரு தட்டு ஆமாம், இரண்டு தட்டு இல்லை. பிறகுதான் நோட்டைக் கண்ணாடியில் வைத்துக் காட்ட அனுமதி கிடைத்தது.

பரோல்

விசாரணைக் கைதியாக இருந்தால் நோயைக் காட்டி ஜாமீன் கேட்கலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 437, புதியதில் 480-ஆம் பிரிவு. மேல்முறையீடு நிலுவையில் இருந்தால் தண்டனையை நிறுத்திவைக்கக் கேட்கலாம். இவருக்கு இரண்டும் கிடையாது. எங்களுக்குத் தெரிந்த வழி பரோல்தான்.

முதல் மனு தள்ளுபடியானது. உள்ளூர்க் காவல் நிலைய அறிக்கை: இறந்தவரின் குடும்பம் அதே வீட்டு மாடியில் வசிக்கிறது, சட்டம் ஒழுங்குப் பிரச்சினை வரலாம். நான் இந்த அறிக்கையைப் பிடித்துக்கொண்டு பதினோரு நாள் அலைந்தேன். அது என் தவறு. அறிக்கையில் இருந்தது உண்மை.

இலவச சட்ட உதவியில் வந்த இளம் வக்கீல்தான் விஷயத்தைப் பிடித்தார். (காவலில் இருக்கும் எவருக்கும், வருமானம் எவ்வளவாக இருந்தாலும், 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி இது உரிமை.) மனுவோடு வைத்திருந்த மருத்துவச் சான்றிதழைக் காட்டி, "சார், இவர் சாகப்போறார்னு இதுல எங்கயுமே இல்லையே" என்றார்.

இரண்டே வரி இருந்தது. வாய்ப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்று வருகிறார். தற்போது ஸ்டேபிள்.

டாக்டர் ஸ்டேபிள் என்று எழுதும்போது நாடியும் ரத்த அழுத்தமும் மூச்சும் சரியாக இருக்கிறது என்று நினைக்கிறார். அதைப் படிக்கும் அதிகாரி, ஆபத்து ஒன்றுமில்லை என்று எடுத்துக்கொள்கிறார். 'சிகிச்சை பெற்று வருகிறார்' என்பதற்கு டாக்டர் மனதில் உள்ள அர்த்தம், வலிக்கு ஏதோ கொடுக்கிறோம் என்பது. கோப்பில் அது, சிகிச்சை நடக்கிறது, அப்புறம் எதற்கு வெளியே விட வேண்டும் என்றாகிறது. இரண்டு வரியும் உண்மை, இரண்டும் சேர்ந்து கதவைச் சாத்திவிட்டன. சிறைக் கோப்பில் நோயாளி என்று ஒரு நிலை உண்டு, இறந்தவர் என்று ஒரு நிலை உண்டு. இரண்டுக்கும் நடுவே இருப்பவருக்குப் பெயர் கிடையாது, யாராவது தாளில் எழுதித்தான் அந்த நிலை உண்டாகிறது.

புதுச் சான்றிதழுக்குப் புற்றுநோய் மருத்துவரிடம் போனோம். காலத்தை எழுத அவர் தயங்கினார். "மூணு மாசம்னு எழுதி, ஆறு மாசம் இருந்துட்டா? கோர்ட்ல என்னைத்தானே கேப்பாங்க?" நியாயமான பயம். எங்கள் டாக்டர் ஒரு வாக்கியம் சொன்னார், வலி தணிப்பில் நாங்கள் எங்களையே கேட்டுக்கொள்ளும் கேள்வி அது: இந்த நோயாளி அடுத்த சில வாரங்களில் இறந்தால் எனக்கு வியப்பாக இருக்காது. அதை எழுத அவருக்கு மறுப்பு இல்லை. குணப்படுத்தும் சிகிச்சை எதுவும் மீதமில்லை, தானாக நடக்கவோ பேசவோ முடியாது, பகலும் இரவும் நேரம் தவறாமல் மருந்தும் தினமும் புண்ணுக்குக் கட்டும் தேவை, இப்போது இருக்கும் இடத்தில் அவை கிடைக்காது என்பனவும் சேர்ந்தன. 'ஸ்டேபிள்' போய்விட்டது.

தங்கும் முகவரியையும் மாற்றினோம். வீட்டுக்குப் பதில் ஹாஸ்பிஸ். பெங்களூரில் இது ஒன்றும் புதிதில்லை. கருணாஸ்ரயா 1990-களிலிருந்து கட்டணம் வாங்காமல் புற்றுநோயாளிகளைக் கடைசிக் காலத்தில் பார்த்துக்கொள்கிறது. எங்களுக்கு இடம் கொடுத்த ஹாஸ்பிஸ் நிர்வாகம், போலீஸ் உள்ளே உட்காருமா என்று மட்டும் கேட்டது. பரோலில் காவல் கிடையாது என்றதும் ஒத்துக்கொண்டார்கள்.

காவல் நிலையத்திலிருந்து மறுபடி மாடிக்குப் போய்த் தம்பி மனைவியிடம் கேட்டார்கள். அவர் சொன்னதை ஏட்டு அப்படியே எழுதியிருந்தார்: "எங்க வேணா இருக்கட்டும். இந்தப் படி ஏறக் கூடாது." ஆட்சேபணை இல்லை என்பதற்கு அதைவிடத் தெளிவான வாசகம் எனக்குத் தெரியாது.

உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட்டு 30 நாள் கிடைத்தது. வாராவாரம் திங்கட்கிழமை காவல் நிலையத்தில் கையெழுத்து என்று வழக்கமான நிபந்தனை. எழுந்து நிற்க முடியாதவர் என்று சான்றிதழில் இருந்தும் நிபந்தனை பழக்கத்தில் வந்துவிட்டது. வக்கீல் மறுபடி மனு கொடுத்து, ஹாஸ்பிஸ் பொறுப்பாளர் கடிதம் அனுப்பினால் போதும் என்று மாற்றினார். அதற்கு நாலு நாள்.

பெரியவரைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் ஸ்டான் சுவாமி ஞாபகம் வருகிறார். திருச்சிப் பக்கத்தில் பிறந்து ஜார்க்கண்டில் பழங்குடி மக்களோடு வாழ்ந்த பாதிரியார். 2020 அக்டோபரில் கைதாகி மும்பைக்குப் பக்கத்தில் தலோஜா சிறையில் இருந்தார். பார்கின்சன் நோய், டம்ளர் பிடிக்க முடியாததால் உறிஞ்சுகுழல் கேட்டு மனுப் போட வேண்டியிருந்தது. ராஞ்சியில் தன் ஆட்களோடு இருக்கவே ஜாமீன் கேட்டார். 2021 ஜூலை 5, ஜாமீன் மனு விசாரணைக்கு வந்த நேரத்தில், பாந்த்ரா மருத்துவமனையில் அவர் இறந்துவிட்டதாக நீதிமன்றத்தில் சொன்னார்கள். வயது 84. அவர் தண்டனை பெற்றவரே இல்லை. நாடறிந்தவருக்கே அப்படி. 2022-ஆம் ஆண்டு அரசுக் கணக்கில் நாட்டின் சிறைகளில் இறந்தவர்கள் 1,995 பேர், அதில் 1,773 'இயற்கை' மரணம். அந்த இயற்கையில் வலி மாத்திரை கிடைத்தது எத்தனை பேருக்கு என்று அந்தக் கணக்கில் பத்தி இல்லை. 2024 டிசம்பரில் தேசிய சட்டப் பணிகள் ஆணையம் முதிய, தீராநோய்க் கைதிகளுக்கென்று தனியாக ஒரு இயக்கம் தொடங்கியது, அடுத்த வருடம் உச்ச நீதிமன்றத்துக்கும் போனது. பெங்களூரு மத்திய சிறையிலிருந்து ஒரு கைதி 1980-களில் தலைமை நீதிபதிக்கு எழுதிய கடிதத்தின் பேரில் 1996-ல் வந்த ராமமூர்த்தி தீர்ப்பும், சிறைகளின் ஒன்பது பிரச்சினைகளில் ஒன்றாகக் கைதிகளின் உடல்நலத்தைச் சொல்லியிருந்தது.

பத்தொன்பது நாள்

ஹாஸ்பிஸில் முதல் நாள் மாலை நர்ஸ் என்னைக் கூப்பிட்டார். "மூச்சுத் திணறுது போல, எழுந்து உட்கார்ந்துட்டார்." ஓடிப் போய்ப் பார்த்தால் மூச்சு நன்றாகத்தான் இருந்தது. மணி ஆறு. கட்டில் ஓரத்தில் முதுகை நிமிர்த்தி, இரண்டு கையையும் முழங்கால் மேல் வைத்து உட்கார்ந்திருந்தார். லாக்கப்புக்கு முன் தலை எண்ணும் நேரம். எட்டு வருடப் பழக்கம். யாரும் எண்ண வரவில்லை என்று தெரிந்தும் கால் மணி நேரம் அப்படியே இருந்தார். பன்னிரண்டாம் நாள் உட்கார முடியாமல் போகும்வரை தினமும் நடந்தது. நாங்கள் தடுக்கவில்லை. நர்ஸ் மட்டும் அந்த நேரத்தில் ஒரு தலையணையை முதுகுக்குக் கொடுத்துவிட்டுப் போவார்.

இரவில் விளக்கணைத்தால் தூக்கம் வரவில்லை. பேரக்கில் விடிய விடிய விளக்கு எரியும். ட்யூப்லைட்டை விட்டுவைத்தோம்.

மகள் தினமும் லிங்கராஜபுரத்திலிருந்து பஸ்ஸில் வந்தார். மார்ஃபின் இப்போது ஐந்து வேளையும் நேரத்துக்குப் போனது, கூடவே மலச்சிக்கலுக்கு மருந்து. ஏழாம் நாள் நோட்டில், "அண்ணி வரமாட்டா" என்று இருந்தது. தம்பி மனைவியை அவர் அண்ணி என்று சொல்ல முறையில்லை. மகளுக்கும் புரியவில்லை. பிறகு தெரிந்தது, மகளுக்குச் சித்தியான அவரைத்தான் முறை மாற்றி எழுதியிருக்கிறார். மார்ஃபின் குழப்பமா, எட்டு வருட இடைவெளியா, சொல்லத் தெரியவில்லை. சித்தி வரவில்லை. நாங்கள் அவரைக் கூப்பிடவும் இல்லை. அவரைக் கூப்பிட எங்களுக்கு என்ன உரிமை?

கழுத்து ரத்தக்குழாய்க்குப் பக்கத்தில் கட்டி இருந்ததால் திடீரென்று ரத்தம் பீறிடலாம் என்று கட்டிலடியில் கரும்பச்சைத் துண்டுகள் வைத்திருந்தார்கள். கருநிறத் துணியில் ரத்தம் அவ்வளவாகத் தெரியாது, பார்ப்பவர் பயப்படமாட்டார். துண்டுகளுக்கு வேலை வரவில்லை. பத்தொன்பதாம் நாள் விடிகாலை மூச்சு மெல்ல நின்றது. மகள் பக்கத்தில் இருந்தார்.

சிறைக்குள் இறந்திருந்தால் 24 மணி நேரத்தில் மனித உரிமை ஆணையத்துக்குத் தகவல், மாஜிஸ்திரேட் விசாரணை, வீடியோ எடுத்துப் பிரேதப் பரிசோதனை. காவலில் அடித்துக் கொன்று மறைப்பதைத் தடுக்க வந்த விதிகள், இருக்கத்தான் வேண்டும். பரோலில் இறந்தவருக்கு என்ன செய்வது என்று காவல் நிலையத்தில் யாருக்கும் தெளிவில்லை. சிறையைக் கேளுங்கள் என்றார்கள், சிறை நிலையத்தைக் கேளுங்கள் என்றது. ஆறு மணி நேரம். கடைசியில் ஹாஸ்பிஸ் டாக்டரின் சான்றிதழை ஏற்றுக்கொண்டார்கள். பரோல் கிடைத்த அன்றே இதை எழுத்தில் கேட்டு வாங்கியிருக்க வேண்டும், எங்களுக்குத் தோன்றவில்லை. இப்போது பரோல் உத்தரவு கைக்கு வந்ததும் நாங்கள் எழுதும் முதல் கடிதம் அதுதான்.

தம்பியைப் புதைத்தது கல்பள்ளி இடுகாட்டில். மகள் அங்கே வேண்டாம் என்றார். வில்சன் கார்டன் மின்மயானத்துக்குக் கொண்டுபோனோம்.

இன்னொன்றும் எங்களுக்குத் தோன்றவில்லை. கிருஷ்ணகிரிக்காரருக்கு யாரும் தகவல் சொல்லவில்லை. ஐந்து வாரம் கழித்து வேறொரு நோயாளிக்காகச் சிறைக்குப் போனபோது அவர் ஆஸ்பத்திரி வராந்தாவைக் கூட்டிக்கொண்டிருந்தார். சொன்னேன். துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

"அங்க ராத்திரி கஞ்சி யாரு சார் ஊத்துனாங்க?"

"நர்ஸ்."

"ஊத்தின பிறகு தண்ணி விட்டாங்களா?"

"விட்டாங்க. கடைசி வரைக்கும் குழாய் அடைக்கவே இல்ல."

"அப்ப சரி" என்றார். துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வராந்தாவின் அடுத்த மூலைக்குப் போனார்.